முப்பத்தொரு நாள்

கோரிக்கை இலக்கம் ஏழு:
காலநீடிப்பு, முப்பத்தொரு நாள்.
அதோடு சும்மா நின்ற இயந்திரங்களுக்கு வாடகை,
காவலாளிக்கு இரவுப்படி,
குழிக்கு மேல் கட்டிய நீலத் தறப்பாளுக்குப்
பற்றுச்சீட்டோடு பதினாலாயிரம்.

கழிவுநீர்க் குழாய்த் திட்டம், பொதி மூன்று.
உட்துறைமுகத்தின் கரையோரமாய்
நாலு மீற்றர் ஆழம், ஆயிரத்து அறுநூறு மீற்றர் நீளம்.
நான் ஒப்பந்தகாரரின் சட்டத்தரணி.
கடல் தெரியாத அறையில் இருந்து
கடலோரத்து மண்ணை வாசிக்கிறேன்.

மண்ணை எழுதியவர் நிஸ்தார்.
தளக் குறிப்பேட்டில், பென்சிலால்,
மழை என்றால் எத்தனை மணிக்கு மழை,
சீமெந்து லொறி சீனக்குடாவில் நின்றால் ஏன் நின்றது.
"கச்சான் காற்று. தூசி. ஆட்கள் ஒன்பது.
இருவர் வரவில்லை. ஒருவருக்குக் கல்யாணம்.
மற்றவர் அந்தக் கல்யாணத்துக்குப் போனார்."
இத்தனை வருடத்தில் நான் பார்த்த ஆவணங்களுள்
பொய் தெரியாத கை அது.

ஜூலை பதினொன்று, எட்டு நாற்பது.
"பெக்கோ நிறுத்தம். புவிதரன் இறங்கினார்.
செருப்பு ஒன்று. இடது கால்.
பிறகு மற்றவை."
கீழே ஒரு வரி வெறுமையாய் விட்டிருக்கிறார்.
அதற்கும் கீழே: "இன்று வேலை இல்லை."

நீதவான் வந்தார். பொலிஸ் வந்தது.
தொல்பொருள் திணைக்களத்தார் குனிந்து பார்த்து
றப்பர் செருப்பு தங்கள் காலத்துக்குரியதல்ல என்று
எழுதித் தந்துவிட்டுப் போனார்கள்.
ஆகவே புதைபடிவம், நாணயம், பழம்பொருள் பற்றிய
வாசகம் எங்களுக்கு உதவாது.
மிச்சம் ஒன்றுதான்:
அனுபவமுள்ள ஒப்பந்தகாரர் ஒருவர்
நியாயமாக எதிர்பார்த்திருக்க முடியாத
நில நிலைமை.

எதிர்த்தரப்பின் பதில் ஒரே பந்தி.
திருமதி வெத்தசிங்க பண்பானவர்,
காற்புள்ளி ஒன்றும் பிசகாதவர்.
"வேலைத்தளம் திருகோணமலையில் உள்ளதென்பதைக்
கேள்விப்பத்திரம் சமர்ப்பிக்கும்போதே
ஒப்பந்தகாரர் அறிந்திருந்தார்."

கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனேன்.
நீதிமன்ற மதிலோரம் மான் ஒன்று
யாரோ எறிந்த மனுவின் நகலைத் தின்றுகொண்டிருந்தது,
முத்திரை குத்திய பக்கத்தை முதலில்.

நான் பாலையூற்றில் பிறந்தவள்.
வளவில் கிணறு வெட்ட இடம் பார்த்தபோது
அப்பா மூன்று இடம் காட்டினார்,
மூன்றையும் தானே வேண்டாமென்றார்.
ஏனென்று யாரும் கேட்கவில்லை.
குழாய்த்தண்ணீர் வரும்வரை
பக்கத்து வீட்டில்தான் அள்ளினோம்.
இதை எந்த இணைப்பிலும் நான் சேர்க்க முடியாது.

எழுதத்தான் வேண்டும். எழுதுகிறேன்:
எதிர்பார்த்திருக்க முடியாது.
அழிக்கிறேன்.
எதிர்பார்த்திருக்கக் கூடாது.
அது சட்டமல்ல. அழிக்கிறேன்.

சாட்சியத்துக்காகப் புவிதரனுக்கு அழைப்பெடுத்தேன்.
நிறுத்தச் சொன்னது பொறியியலாளரா,
அறிவுறுத்தல் எழுத்தில் உண்டா?
உண்டென்றால் எங்கள் பக்கம் பலம்.
"ஒருத்தரும் சொல்லேல்ல மிஸ்.
சாவியைக் கழட்டிப் பொக்கற்றுக்க வச்சிட்டன்.
ஆர் கேட்டும் குடுக்கேல்ல."

ஓகஸ்ட் பத்து, குறிப்பேடு:
"நாளை தொடங்க அனுமதி.
புவிதரன் வெள்ளாப்பில் வந்தார்.
வாழையிலை ஒன்று விரித்துச் சோறு வைத்தார்.
இயந்திரம் இயக்கவில்லை, கூலி கோரவில்லை.
காரணம் நான் கேட்கவில்லை."
நிஸ்தார், கையொப்பம், ஆறு பதினைந்து.

நாட்களை விரல்விட்டு மறுபடி எண்ணினேன்.

இருபதுக்கு இணங்கினால்
இந்த மாதமே பணம் வரும் என்கிறது கம்பனி.
இருபத்தைந்து என்றால் யோசிப்பார்களாம் அவர்கள்.
ஒரு நாளும் குறையாது என்று பதில் போட்டேன்.
காரணம் கேட்டு உடனே மின்னஞ்சல்.
அட்டவணை ஆறு, கடைசி வரி
பார்க்கவும் என்றேன்.